விட்டுப்போன இரண்டு

இரண்டு குடைகள் மோதிக்கொண்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

தெருமுனையில் பூட்டு ரிப்பேர் கடை ஒன்று. கடைக்கு முன்னால் தகரக் கூரை. அதன் ஓரத்திலிருந்து மழைத் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் இந்தப் பக்கமிருந்து திரும்பினாள். அவன் அந்தப் பக்கமிருந்து திரும்பினான். குடைக் கம்பியும் குடைக் கம்பியும் மாட்டிக்கொள்ள, அவள் நெஞ்சோடு அணைத்து வந்த பெரிய பழுப்பு பாட்டில் நழுவ...

"ஐயோ!"

"பிடிச்சிட்டேன்!"

பொய்யில்லை, பிடித்துவிட்டான். குடையைக் கடாசிவிட்டு, குனிந்து, தரையைத் தொட இருந்த பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்திவிட்டான். கொஞ்சம்தான் சிந்தியிருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிய, பரிசு வாங்கியவன் போல நின்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சதெல்லாம் சரி... மூடி எங்க?"

மூடி சாக்கடை ஓரமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. அவன் நின்ற இடமோ, தகரக் கூரைக்கு நேர் கீழே. கூரைத் தண்ணீர் அவன் தலையில் பாதி, பாட்டிலுக்குள் பாதி என்று நியாயமாகப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தது.

"நகருங்க! அங்கிருந்து நகருங்களேன்!"

நகர்ந்தான். பதற்றத்தில் தப்பான பக்கம் நகர்ந்தான். இப்போது முழுத் தண்ணீரும் பாட்டிலுக்குள்.

"ஏங்க... உங்களுக்கு யாராவது காசு குடுத்து அனுப்பினாங்களா?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டிலைப் பிடுங்கி உள்ளங்கையால் அதன் வாயை மூடிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க. இதுல என்ன இருக்கு? எண்ணெயா?"

"ஆக்சாலிக் அமிலம். இருந்துச்சு. இப்ப எவ்வளவு அமிலம், எவ்வளவு மழைன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"டைட்ரேஷன் பண்ணா நமக்கும் தெரியுமே" என்றான் அவன்.

அப்போதுதான் அவள் அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் மோதியவன் வாயிலிருந்து வருகிற வார்த்தையா இது? பெரிய கண்கள். மழைத்துளி இமையில் தொங்கிக்கொண்டிருக்க, துடைக்கவும் தோன்றாமல், தப்பு செய்த பள்ளிக்கூடப் பையனைப் போல விழித்துக்கொண்டு நின்றான். திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த இரண்டு மூன்று நல்ல வார்த்தைகள் அவளுக்குச் சமயத்தில் மறந்துபோயின...

"நமக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் பக்கத்துத் தெருப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தற்காலிக வேலை. நாளை பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. பள்ளித் தராசு ரிப்பேர் ஆகிக் கிடந்ததால், இன்னொரு பள்ளிக்கு நடையாய் நடந்து, அங்கே எடை போட்டு, கரைத்து, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வந்த கரைசல் இது. பொடியும் தீர்ந்துவிட்டது. நாளைக்கு மாணவர்கள் இந்தக் கரைசலின் செறிவு என்ன என்றுதான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் கண்டுபிடித்தது சரியா என்று பார்க்க, அவளுக்கு முன்கூட்டியே விடை தெரிந்திருக்க வேண்டும். தலைமையாசிரியை வேறு கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "இந்தப் பிராக்டிகல் ஒழுங்கா நடக்கட்டும்மா. நடந்தா நீ நிரந்தரம். இல்லன்னா ஜூன்ல வேற ஆள்."

இதையெல்லாம் அவனிடம் ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் குடை கம்பி ஒடிந்து செத்துப்போயிருந்தது. அவள் குடைக்குள் இருவரும் பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். குடைக்குள் மூவர் போவது போலத்தான் இருந்தது. பாட்டில்தான் மரியாதையாக நனையாமல் வந்தது.

"எனக்கும் கொஞ்சம் கெமிஸ்ட்ரி தெரியும். நான் கெடுத்ததை நானே சரி பண்ணித் தர்றேனே" என்றான்.

"நாளைக்கு மார்க் போட வெளி ஸ்கூல்ல இருந்து எக்ஸ்டர்னல் வேற வர்றாரு. யாரோ ஒரு கிழமாம். சிரிக்கவே சிரிக்காதாம். பியூரெட்ல ஒரு கோடு தப்பினாலும் மார்க்கைக் கிழிச்சிடுமாம்."

"அ... அப்படியா? யார் சொன்னா?"

"எல்லாரும்தான். மூக்கு நுனியில கண்ணாடி போட்டுக்கிட்டு, சிடுசிடுன்னு..."

அவன் பள்ளி வாசலில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தான். ஒரு கணம் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு உள்ளே நடந்தான்.

"வாங்க சொட்டு மிஸ்!" என்று வாட்ச்மேன் கதவைத் திறந்தார்.

அவன் திடுக்கிட்டு, அவளுடைய அடர்ந்த கூந்தலைப் பார்த்தான். முதுகு வரைக்கும் ஈரமாக இறங்கியிருந்தது.

"ஏன் உங்களைச் சொட்டைன்னு...?"

"சொட்டை இல்ல, சொட்டு! சொட்டு சொட்டா விடு, சொட்டு சொட்டா விடுன்னு நான் பசங்க உயிரை எடுக்கிறேனாம்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அட... இவனிடம் கோபமாகத்தானே இருந்தோம்?

ஆய்வகத்தில் விளக்கைப் போட்டாள். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அமிலத்தில் பிப்பெட்டால் அளந்து இருபது மில்லி எடுத்துக் குடுவையில் விட்டாள். நிறங்காட்டி இரண்டு சொட்டு. மேலே, கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டில், செறிவு தெரிந்த காரம், சோடியம் ஹைட்ராக்சைடு. இனி காரம் சொட்டச் சொட்ட, அமிலம் தீர்ந்துபோகும் இடத்தில் நிறமே இல்லாத கரைசல் இளஞ்சிவப்பாக மாறி நிற்கும். எவ்வளவு காரம் செலவானது என்று பார்த்தால், மீதி கணக்குதான்.

"ரீடிங் நீங்க எடுங்க. கணக்கு நான் போடறேன்" என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனான்.

இடது கையால் பியூரெட்டின் திருகைப் பிடித்து, வலது கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கக் கை இல்லை. ஊதி ஊதிப் பார்த்தாள். சொட்டு... சொட்டு... நின்றது. குடுவைக்குள் வெளிர் சிவப்பு.

"பதினாறு புள்ளி நாலு."

பதில் இல்லை.

"சார்... பதினாறு புள்ளி நாலு!"

"ஆங்... பதினாறு... புள்ளி நாலு" என்று அவன் அவசரமாகத் திரும்பி எழுதினான். சாக்பீஸ் ஒடிந்தது. குனிந்து எடுத்தான். மறுபடி எழுதினான். நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருக்க, ஒவ்வொரு எண்ணையும் கோலம் போடுவது போல எழுதினான். அவள் கைகட்டி நின்று பார்த்தாள்.

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு ரெண்டு மோலார். சரியா பார்த்துக்குங்க மிஸ்."

"சரி... சரிதான்" என்றாள். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் எழுதாமல், விடைத்தாளில் மட்டும் எழுதி உறைக்குள் போட்டுக்கொண்டாள்.

மழை விட்டிருந்தது. அவன் போன பிறகுதான், பெயர்கூடக் கேட்கவில்லையே என்று தோன்றியது. எந்த ஊர்? என்ன வேலை? ஒன்றும் தெரியாது. ஒடிந்த குடையை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். சரியான மறதிக்காரன்... என்று நினைத்தவள், வீட்டுக்குப் போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்த் திசைப் பஸ்ஸில் ஏறி, மூன்று நிறுத்தம் போன பிறகுதான் முழித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, கிழவரை வரவேற்க வாசலில் நின்றாள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தேர்வுத் துறையின் அடையாள அட்டை என்று வந்தவனைப் பார்த்து அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"நீங்களா?"

"நான்தான்... அந்தக் கிழம்."

முகம் சூடாகிவிட்டது அவளுக்கு. வெட்கமா, கோபமா? இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோய், எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"இன்னைக்கு வழி தப்பிடக் கூடாதேன்னு ஸ்கூலைப் பார்த்து வைக்கத்தான் நேத்து வந்தேன். சொல்லத்தான் நினைச்சேன். நீங்க சிடுசிடுன்னு சொன்னதும் தைரியம் போயிடுச்சு."

"எக்ஸ்டர்னலை வச்சுக்கிட்டே அவரைப் பத்தி... ஐயோ..."

"விடுங்க மிஸ். எப்படியும் விடையை நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் போடணும், கையெழுத்துப் போடணும். அதுதான் விதி. ஒரு நாள் முன்னாடியே முடிஞ்சிடுச்சு, அவ்வளவுதான்."

உறைக்குள் இருந்த தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தேர்வு தொடங்கியது.

முதல் விடைத்தாள் வகுப்பின் முதல் மாணவியுடையது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு ஒன்று. அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். விடையில் பாதி! இந்தப் பெண்ணா தப்பு செய்தது? அடுத்த தாள். அதே பூஜ்யம் நான்கு ஒன்று. அடுத்தது, அதற்கும் அடுத்தது... எல்லாம் பாதி.

பிப்பெட் மாறிப்போய்விட்டதா? ஓடிப்போய்ப் பார்த்தாள். இல்லை, இருபது மில்லிதான். காரம் கெட்டுப்போய்விட்டதா? மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. பாட்டிலின் அடியில் அமிலம் தங்கி, மேலே வெறும் மழைத் தண்ணீர் நிற்கிறதோ? சே, அது என்ன சாம்பாரா! குலுக்கித்தானே வைத்தோம்? எல்லாப் பிள்ளைகளும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்களோ? பியூரெட் அளவுகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறாகத்தானே இருக்கின்றன...

"என்ன ஆச்சு மிஸ்?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"தெரியலையே சார்... எனக்கு ஒண்ணுமே புரியலையே..."

அவன் முகமும் வெளுத்திருந்தது. முதல் மாணவி நடப்பதை மோப்பம் பிடித்துவிட்டாள். தன் விடையைப் பார்த்து மிஸ் முகம் மாறியதுமே, அவளுக்கு உலகமே இடிந்து விழுந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தவள், அழுதுகொண்டே தலைமையாசிரியை அறையைப் பார்த்துப் போய்விட்டாள்.

அப்போது வந்தது கடைசிப் பெஞ்சு 'அவசர'த்தின் தாள். அந்தப் பெண்ணுக்கு அவசரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள் வகுப்பில். எதையும் பாதியில் முடித்துவிட்டு எழுந்து ஓடுகிறவள். அவள் விடை: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு இரண்டு!

உறையிலிருந்த விடைத்தாளோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. மொத்த வகுப்பிலும் இவள் ஒருத்திதான் சரி!

ஆசிரியையின் கை பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தது. கடைசி வரியைச் சுற்றி வட்டம் போட்டது. பக்கத்தில் எழுதியது: "இரண்டால் வகுக்க மறந்துவிட்டாய். இத்தோடு எத்தனை முறை?"

பேனா நின்றது.

ஆக்சாலிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு, காரத்தின் இரண்டு மூலக்கூறுகளைத் தீர்க்கும். ஒருத்தன் இரண்டு கையிலும் இரண்டு பை தூக்குவது போல. பைகளை எண்ணிவிட்டால் போதாது, ஆட்கள் எத்தனை பேர் என்று அறிய இரண்டால் வகுக்க வேண்டும். வருடம் முழுக்க அவள் தொண்டை வற்றக் கத்திய விஷயம் இது ஒன்றுதான். அவசரத்துக்கு மட்டும் நூறு முறை சொல்லியிருப்பாள்.

மெதுவாக நிமிர்ந்தாள். அவனும் அதே தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருவர் கண்களும் சந்தித்தன.

"ரெண்டு..." என்றாள் அவள்.

"ரெண்டை... விட்டுட்டேன்" என்றான் அவன்.

"எந்த ரெண்டு?" என்று வாசலில் இருந்து ஒரு குரல். தலைமையாசிரியை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பியபடி முதல் மாணவி.

விடை திருத்தப்பட்டது. பிள்ளைகள் மதிப்பெண்ணுக்கு ஆபத்தில்லை. முதல் மாணவி மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். அவசரம் மட்டும், தன்னுடையது சரியாக இருந்து தப்பாகிப்போனது எப்படி என்று புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனாள்.

"யாரோட தப்பு இது?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"என்னோடது மேடம்" என்றான் அவன். "கணக்கு போட்டது நான்."

"இல்ல மேடம், என்னோடது. பார்த்து சரின்னு சொன்னது நான்" என்றாள் அவள்.

"அவங்க மேல தப்பே இல்ல மேடம்."

"சார், நீங்க சும்மா இருங்க!"

தலைமையாசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருட வேலையில், தப்பு உன்னுடையது உன்னுடையது என்று அடித்துக்கொண்டவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். என்னுடையது என்னுடையது என்று அடித்துக்கொள்கிறவர்களை இதுதான் முதல் தடவை.

"நாளைக்கு ரெண்டாவது பேட்ச் இருக்கு. அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என் ரூமுக்கு வாங்க. யாருங்கறது ரெண்டாம்பட்சம். ஏன்னு எனக்குத் தெரியணும்."

தாழ்வாரத்தில் அவன் பின்னாலேயே வந்தான். "மிஸ், ஒரு நிமிஷம்..."

அவள் விருட்டென்று திரும்பினாள். "உங்க தயவு எனக்கு எதுக்கு? நான் கேட்டேனா? ஐயோ பாவம், டெம்பரரி டீச்சர், வேலை போயிடுமேன்னு பெரிய மனசு பண்றீங்களா?"

"தயவு இல்ல மிஸ். நிஜமாவே நான்தானே ரெண்டை விட்டேன்?"

"இத்தனை வருஷமா எக்ஸ்டர்னலா போறீங்க. உங்களுக்கா ரெண்டு மறக்கும்? நம்பச் சொல்றீங்களா? போர்டுல எழுதினது நீங்க, ஆனா அதைச் சரி பார்க்க வேண்டியது நான். எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியலைன்னு நினைச்சு மறைக்கப் பார்க்கறீங்க. பரிதாபத்துல வர்ற வேலை எனக்கு வேண்டாம்!"

"மறந்ததுக்குக் காரணம் இருக்கு மிஸ். ஆனா அதை இங்க... இப்ப..." என்று அவன் இழுத்தான். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்ட அண்ணன், செய்தித்தாளை மடக்காமலே சொன்னான்: "அவர்தான் ஒத்துக்கறாரில்ல? நீ ஏன் நடுவுல குதிக்கறே? அவர் பேர்ல போகட்டும். உன் வேலை தப்பிச்சுது."

"அது எப்படிண்ணா? நான் பார்த்துட்டுதானே நின்னேன்?"

"அதான் எனக்கும் புரியலை" என்றாள் அண்ணி. "எங்க கல்யாணப் பத்திரிகையிலேயே எழுத்துப்பிழை கண்டுபிடிச்சு, அச்சகத்துக்கே திருப்பி அனுப்பினவ நீ. உன் கண்ணு முன்னாடி ஒருத்தர் பலகையில தப்பா எழுதறாரு. நீ பார்க்கலையா?"

"பார்த்தேன் அண்ணி... நேரா பார்த்துட்டுதான் நின்னேன்."

"எதை?"

சாதாரணக் கேள்விதான். எதைப் பார்த்தோம்? கண்ணை மூடினால் கரும்பலகை வருகிறதா? வரவில்லை. முதுகில் ஒட்டிய ஈரச் சட்டை வருகிறது. ஒடிந்த சாக்பீஸைத் தேடிக் குனிந்தவனின் காது மடல் வருகிறது. தப்பாகப் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு எண்ணையும் அவ்வளவு அழகாக எழுதிய கை வருகிறது. அந்த எண்கள்? ஊஹூம்... ஒரு எண்கூட வரவில்லை.

ஐயோ!

அப்படியானால் தெருவில் மோதிய ஒரு ஆளை, பெயர்கூடத் தெரியாத ஒரு ஆளை, ஆய்வகத்தில் நின்றுகொண்டு... அவள் அறைக்குள் ஓடிப்போய் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். நாளைக்குத் தலைமையாசிரியை ஏன் என்று கேட்பாரே... என்ன சொல்வது? கவனிக்கவில்லை என்றால், வேதியியல் தெரியாதவள் என்று ஆகிவிடும். தெரியும் என்றால், பிறகு ஏன் விட்டாய் என்பார். அவன்மேல் போட்டால் பொய். உண்மையைச் சொன்னால்... சொல்ல முடியுமா அதை? எப்படிப் போட்டுப் பார்த்தாலும் விடை வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

காலையில் தலைமையாசிரியை அறையில் இருவரும் நின்றார்கள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. இருவரும் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்கள்.

தலைமையாசிரியை நேராக விஷயத்துக்கு வந்தார். அவளிடம்தான் கேட்டார். "பாரும்மா. சார் வெளி ஸ்கூல். அவருக்கு என்ன பதில் சொல்லணுமோ அதைத் துறை பார்த்துக்கும். எனக்கு நீ பதில் சொல்லு. ஆக்சாலிக் அமிலத்துக்கு ரெண்டால வகுக்கணும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா நான் வேற ஆள் பார்க்கணும். தெரியும்னா, கண்ணு முன்னாடி இருந்த தப்பு ஏன் தெரியலை?"

தெரியும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி காத்திருக்கிறது...

தலைமையாசிரியையின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"மேடம்" என்றான் அவன் திடீரென்று. "மிஸ் அப்ப ரூம்லயே இல்ல. ரீடிங் சொல்லிட்டு வெளியில போயிட்டாங்க. கணக்கை அவங்க பார்க்கவே இல்ல. நான்தான் விடையைச் சொல்லி எழுத வச்சேன்."

அவ்வளவுதான். அவள் தப்பித்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும். வேலை நிரந்தரம்.

ஆனால் அவள் வாய் கேட்கவில்லை. பியூரெட்டில் ஒரு கோடு கூட்டி எழுதினாலே பிள்ளைகளை நிற்க வைக்கிறவள் அவள்.

"பொய் மேடம்!" என்றாள். குரல் உடைந்தது. "சார் சொல்றது பொய். நான் அங்கதான் இருந்தேன். ரெண்டால வகுக்கணும்னு எனக்குத் தெரியும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பலகைக்கு நேரா நின்னுட்டிருந்தேன். ஆனா நான் கணக்கைப் பார்க்கலை மேடம்... எழுதறவரைப் பார்த்துட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டாள். தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வேலை போனால் போகட்டும். மானமும் இத்தோடு போயிற்று...

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். எதிரே இருப்பது தன்னுடைய வேதியியல் ஆசிரியைதானா என்று சரிபார்ப்பது போல அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

"இவங்க பார்க்கலை. சரி. நீங்க ஏன் சார் ரெண்டை விட்டீங்க?"

அவன் காதுகள் சிவந்திருந்தன. "அவங்க பியூரெட்டைப் பார்த்துட்டு நின்னாங்க மேடம்... கை ரெண்டும் வேலையா இருந்துச்சு, நெத்தியில விழுந்த முடியை ஊதி ஊதிப் பார்த்தாங்க. நான் அதைப் பார்த்துட்டு நின்னேன். பதினாறு புள்ளி நாலுன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. ரெண்டாவது தடவைதான் என் காதுலயே விழுந்துச்சு. அப்புறம் என்ன எழுதினேன், ஏது எழுதினேன்னு எனக்கே தெரியாது."

அவள் நிமிர்ந்தாள். அப்படியானால்... நேற்றுத் தாழ்வாரத்தில் இவன் சொல்ல வந்து சொல்லாமல் இழுத்த காரணம் இதுவா? பரிதாபம் இல்லையா? தயவு இல்லையா? தான் கத்தியதெல்லாம் எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

"நான் இதை ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?" தலைமையாசிரியை உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். "கவனக்குறைவுன்னு எழுதறேன். ரெண்டு பேர் பேர்லயும். உனக்குப் பாடம் தெரியும்னு எனக்குத் தெரியும்மா. பொய்க்குத் தலையாட்டாம இருந்தே பாரு, அதுக்காகவே உன்னை விட மாட்டேன். ஜூன்ல ஆர்டர் வரும். ஆனா ஒண்ணு... இன்னைக்குக் கணக்கை நானே வந்து சரி பார்க்கறேன். இப்ப கிளம்புங்க, பிள்ளைங்க காத்திருக்கு."

வெளியே வந்தார்கள். ஆய்வகத்துக்குப் போகும் வழி இடப்பக்கம். அவள் வலப்பக்கம் நடந்தாள். அவனும் வலப்பக்கம் நடந்தான். சுவர் வந்ததும் இருவரும் நின்றார்கள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "தயவு அது இதுன்னு நேத்து கன்னாபின்னான்னு கத்திட்டேன். வேலையைக் காப்பாத்திக் குடுத்து என்னைச் சின்னவளாக்கப் பார்க்கறீங்கன்னு நினைச்சேன்."

"உள்ள நான் பொய் சொன்னதும் தப்புதான். உங்க முகத்தைப் பார்த்ததும் வேற வழி தெரியலை." அவன் தயங்கினான். "மிஸ்... மேடம்கிட்ட நீங்க சொன்னது... நிஜமா?"

"அதான் சொல்லிட்டேனே! மறுபடி வேற சொல்லணுமா?"

"ஒரே ஒரு ரீடிங்கை வச்சு யாராவது முடிவுக்கு வருவாங்களா மிஸ்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இந்த இரண்டு நாளில் அவளுக்கு விளங்கியது எது, விளங்காதது எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவன் எந்த ஊர்க்காரன் என்று இன்னும் தெரியாது. அண்ணன் என்ன சொல்வான் என்று தெரியாது. ஆனால் இவன் இன்று சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்பது மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

திரும்பி நின்று அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு சார். ஏன்னு கேட்காதீங்க, எனக்கே தெரியாது. முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க."

அவன் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. விடைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆனால் கிறுக்கலில் பெயரை யார் படித்தார்கள்? கடைசியில் அவள் காதருகே குனிந்து, ரகசியம் போல, தன் பெயரைச் சொன்னான்.

அவள் அதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்... பிறகு வந்த வழியே திரும்பி, ஆய்வகத்தைப் பார்த்து நடந்தாள். இந்த முறை இருவரும் சரியான பக்கம்தான் போனார்கள்.